சிவப்பு வயரில் தொங்கிய பூசணி

அத்தியாயம் 7

"கிட்ட வராதீங்க! அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க!"

மூடிய சன்னலுக்கு உள்ளிருந்து எழுந்த அக்குரல் அதட்டவில்லை, மன்றாடியது. துலுக்கானம் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்திக் கீழே நோக்கினான். சென்னீர்குப்பத்தின் அந்தக் குறுகிய சந்தில், வீட்டு வாசலுக்குச் சற்று முன்பாக, யாரோ செங்கற்பொடியால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு அப்பால் ஒரு பால் பாக்கெட் வெயிலில் உப்பிக் கிடந்தது. போட்டவன் தூரத்திலிருந்தே எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"யக்கா," என்றான் துலுக்கானம், காலை மெல்லப் பின்னுக்கு இழுத்தபடி. "எங்க ஊட்ல எறும்புக்குத்தான் சாக்பீஸ்ல கோடு போடுவாங்க. மனுசனுக்குப் போட்டு இப்பத்தான் பாக்கறேன்."

தாட்சாயிணியின் பார்வை மூடிய சன்னலிலேயே இருந்தது. தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் காப்பீட்டு நிறுவனத்துக்காக ஆராய்ந்து, தானாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று பிரித்துரைக்கும் பணியிலேயே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்றதும் ஐயப்பன்தாங்கலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். துலுக்கானம் அவருடைய உதவியாளன். அவருடைய ஆட்டோவை ஓட்டுபவனும் அவனே. அச்சம் மிகுந்தால் அவனுக்கு வாய் நீளும். இன்று காலை முதல் அவ்வாய் மூடியபாடில்லை.

சந்தின் எதிர்ச் சுவரோரமாக, முதுகைக் கையால் தாங்கியவாறு புஷ்பா நின்றிருந்தாள். ஏழு மாதக் கருவைச் சுமந்துகொண்டு, சொந்த வீடு கண்ணெதிரே இருக்க, அடுத்த வீட்டுக் கூடத்தில் படுத்துறங்கும் நிலை அவளுக்கு வாய்த்திருந்தது. நேற்று தாட்சாயிணியின் மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தவள் அவள்தான்.

"பூபாலன், நான் தாட்சாயிணி. உங்க வீட்டம்மா கூப்பிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க."

சன்னல் விரலகலம் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு கண்ணும் சவரம் செய்யாத கன்னமும் தெரிந்தன.

"முல்லைவேல் கேபிள்ஸ்ல நான் பீம் மெஷின் ஆபரேட்டரும்மா. வயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அத எலெக்ட்ரான் கத்தையால சுடுவோம். சுவர் ஆளு உசரத்துக்கு மேல தடிமன், காங்கிரீட் அறை. அதுக்கு உள்ளாற கப்பி கப்பியா இருக்கும். வயர் அதுல சுத்திச் சுத்திப் பீமுக்கு அடியில ஓடும். பீம் ஓடுறப்ப உள்ளாற ஈ காக்கா இருக்கக் கூடாது. இருந்தா அவ்ளோதான்."

"நீங்க இருந்தீங்க."

"புது வயர் கோக்கப் போனேன். பழைய வயரோட புதுசை முடிச்சுப் போட்டுக் கப்பி வழியா இழுத்துகினு இருந்தேன். திடீர்னு சங்கு ஊதிச்சு. செவப்பு லைட்டு சுத்துது. கதவு சாத்திகிச்சு. வயரை அப்படியே உட்டுட்டு ஓடி, மெஷினை நிறுத்தறதுக்குன்னு சுவத்துல இருக்கற கயித்தை இழுத்தேன். கதவு தெறந்தப்ப மேனேஜர் பாஸ்கரன் சார் வெளிய நிக்கறாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு அவருக்கு. 'பூபாலா, நீ கயித்த இழுக்கறதுக்கு முன்னாடியே பீம் ஓடிடுச்சுடா'ன்னாரு."

அன்றே அவனுக்கு வாந்தி தொடங்கியது. சோறு இறங்கவில்லை, உறக்கமும் வரவில்லை. இப்போது தலைமயிர் கொட்டுகிறது என்று சொல்லிச் சன்னலிடுக்கு வழியாக ஒரு கொத்தை நீட்டிக் காட்டினான். துலுக்கானத்தின் கை தன்னையறியாமல் தன் தலைக்குச் சென்றது.

"மத்தவங்க கிட்ட வரக்கூடாதுன்னு யார் சொன்னா?"

"சார்தான். என் ஒடம்புலேந்து கதிர் வந்துகினே இருக்குமாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வந்து ஊட்டையே இடிச்சிடுவாங்களாம். சாயங்காலம் கார்ல வந்து, இந்த மாதிரி கேசுக்குன்னே கீற இடத்துக்கு அவரே கூட்டிகினு போறாரு. திரும்பி வர மாட்டேன்னு தெரியும். நான் போயிட்டா புள்ளையாவது நல்லபடியா பொறக்கும்."

புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்பு தாட்சாயிணியின் காதருகே வந்து, நேற்று சொன்னதையே மறுபடி சொன்னாள்: "ஊரையெல்லாம் கிட்ட வராதேன்னு வெரட்டின அந்த மேனேஜரு, உள்ள போய் இவரு கட்டில்ல பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சிகினு பேசிட்டு வந்தாருக்கா. என் கண்ணால பாத்தேன்."

அந்த ஒரு காட்சிதான் இவர்களை இங்கு கொண்டுவந்து சேர்த்தது.

"பூபாலன், கதிர் பட்டவர் உடம்பிலேர்ந்து கதிர் வராது. வெயில் பட்டவன் ராத்திரியில வெளிச்சமா அடிக்கிறான்?"

"ஆறுதலுக்குச் சொல்றீங்க. சார் எத்தனை வருசமா அந்த மெஷின்லயே கீறாரு." சன்னல் மூடத் தொடங்கியது.

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நீங்க விட்டுட்டு ஓடி வந்த வயர் எங்க?"

"தெரியாதும்மா. கப்பியிலதான் கெடந்துது. அப்பறம் நான் அந்தப் பக்கமே போவல."

சன்னல் மூடிக்கொண்டது. தாட்சாயிணி விரைந்து திரும்பினார். "எடு வண்டியை. அம்பத்தூர் ஃபேக்டரிக்கு."

ஆட்டோ திருவேற்காட்டைக் கடக்கும்வரை துலுக்கானம் இடைவிடாமல் தன் மயிரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, எனக்கும் ரெண்டு வந்துச்சு."

"இழுத்துக்கிட்டே இருந்தா வராம என்ன செய்யும்? அவனும் அதைத்தான் நாள் முழுக்கச் செஞ்சுக்கிட்டிருக்கான். வாந்தி, சோறு இறங்காதது, தூக்கமில்லாதது, இதெல்லாம் பயத்துக்கும் வரும்."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆவலையா?"

தாட்சாயிணியின் முகத்தில் தெளிவில்லை. "அதுதான் தெரியலை. அவன் உடம்பால அடுத்தவங்களுக்குக் கெடுதல் வராது; அது நிச்சயம். ஆனா பீம் நிஜமாவே ஓடியிருந்தா, அவன் பிழைக்கறது கஷ்டம். மேனேஜர் ஒரு பொய் சொன்னதால எல்லாமே பொய்னு ஆயிடாது."

சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறின. துலுக்கானம் வண்டியின் வேகத்தைக் கூட்டினான். புஷ்பாவின் முகம் அவன் கண்முன் நின்றது.

"ஓடிச்சா ஓடலையான்னு யாரு சொல்லுவா? அந்த ரூம்ல வேற ஆளே இல்லியே."

"ஆள் இல்லை. வயர் இருந்ததே! பூபாலன் ஓடிட்டான், வயர் ஓடலை. பீமுக்கு நேர் கீழே, கப்பி மேல, அசையாம கிடந்தது. முட்டையை அவிச்சா மறுபடி சூடு பண்ணும்போது ஓடுமா?"

"ஓடாது. எங்கம்மா அவிச்ச முட்டை கல்லு மாதிரி கீது, எறிஞ்சாக்கூட ஒடையாது."

"பீம் பட்ட உறையும் அப்படித்தான். அதுக்கப்புறம் எவ்வளவு சூடு வச்சாலும் உருகாது. படாத உறை மெழுகு மாதிரி ஓடிடும். தீப்பிடிக்கிற இடங்களுக்கு இந்த வயரைக் கேட்கறதே அதுக்காகத்தான். அந்த வயர் கிடைச்சா, அன்னைக்கு அறைக்குள்ள நடந்தது தெரிஞ்சுடும்."

"பீம் பட்ட வயரை நாம கையில எடுத்தா…"

"வயர்லேர்ந்தும் ஒண்ணும் வராது, துலுக்கானம்."

"நீ சொன்னா சரிதான்," என்றான் அவன். ஆயினும் இருக்கைக்கு அடியிலிருந்த துடைக்கும் துணியை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டான்.

முல்லைவேல் கேபிள்ஸின் வாயிலில், தொழிற்பேட்டையின் வழக்கப்படி, கண் காது மீசை எல்லாம் வரையப்பட்ட ஒரு திருஷ்டிப் பூசணி வளைவிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே காவலாளி மதுரைவீரன் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். தாட்சாயிணி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, நொடியில் வேறொரு பெண்மணியாக மாறினார்.

"ஐயா, நான் புஷ்பாவுக்குப் பெரியம்மா. பூபாலன் கடைசியா தொட்ட வயராமே, அதுல ஒரு சாண் குடுங்க. அவன் தலையைச் சுத்தி நெருப்புல போடணும்னு எங்க பூசாரி சொல்லிட்டாரு."

மதுரைவீரனின் முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள், உள்ளிருந்து வெள்ளை நிறக் கார் ஒன்று வந்து வாயிலில் நின்றது. கண்ணாடியை இறக்கியவர் நாற்பதைக் கடந்தவர், மடிப்புக் கலையாத சட்டை, பணிவான புன்னகை. மேலாளர் பாஸ்கரன். காரிலிருந்து இறங்கி, பூசணிக்கு நேர் கீழே வந்து நின்றார்.

"என்னம்மா விஷயம்?"

தாட்சாயிணி மீண்டும் சொன்னார். பாஸ்கரன் பரிவோடு தலையசைத்தார்.

"அந்த வயரா? அன்னைக்கே வெட்டி எடுத்து எரிக்கச் சொல்லிட்டேம்மா. வச்சிருக்கக் கூடாது. பீம் அடிச்சதுல கருகிக் கரியாப் போயிருந்துச்சு. என்ன மதுரைவீரன், எரிச்சாச்சுல்ல?"

"எ… எரிச்சாச்சு சார்," என்றார் மதுரைவீரன். அவர் விழிகள் மேலே ஒருமுறை போய், சுட்டாற்போல் கீழே இறங்கின.

அந்தப் பார்வையைத் தொடர்ந்து துலுக்கானமும் அண்ணாந்தான். பூசணியின் காம்பைச் சுற்றியிருந்தது கயிறன்று. பளபளவென்ற சிவப்பு வயர். அதன் நடுவில், நீல நிற டேப் சுற்றிய ஒரு முடிச்சு. கருகலுமில்லை, கரியுமில்லை. பாஸ்கரனின் வகிடெடுத்த தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் அது காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"ஐயோ…" என்று தொடங்கிய துலுக்கானத்தின் தொடையில் தாட்சாயிணி நறுக்கென்று கிள்ளினார்.

"ஐயோ, எரிச்சிட்டாங்களாமே!" என்று அவன் முடித்தான். கண்ணில் வந்த நீர் உண்மையான நீர்.

"மனசைத் தேத்திக்கோங்க," என்றார் பாஸ்கரன். அவருடைய பார்வை தாட்சாயிணியின் முகத்தில் தேவைக்கு மேல் சற்று நேரம் தங்கியது. "சொந்தக்காரங்க எல்லாம் வர ஆரம்பிச்சுட்டீங்க. இனி தாமதிக்கக் கூடாது. சாயங்காலம்வரைக்கும் எதுக்கு? இப்பவே போய்ப் பூபாலனைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

கார் புறப்பட்டுச் சென்றது. மாலை என்று எண்ணி வந்த வேலை நொடியில் ஓட்டப்பந்தயமாகிவிட்டது. அதற்குக் காரணமும் தாங்களே.

தாட்சாயிணி காவலாளியின் பக்கம் திரும்பினார். "ஏன் எரிக்கலை?"

மதுரைவீரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "போட்டுக் குடுத்துடாதீங்கம்மா. வேல பூடும். ஒரு உசுரக் காவு கேட்ட வயரு அது. எரிச்சா அந்தப் பொகை எரிச்சவன் மேலதானே வரும்? காவு கேட்ட பொருள வாசல்ல கட்டிப் பூசணிய தொங்கவுட்டா, கண்ணு காவு எல்லாத்தையும் பூசணியே வாங்கிக்கும். கையில கவர் மாட்டிகினுதான் கட்டினேன்."

"கப்பியிலேர்ந்து வெட்டினது நீங்களா?"

"சார் வெட்டிக் குடுத்தாரு. அவரே உள்ள போய், அவரே வெட்டினாரு. பூபாலன் முடிச்சு அதுலயே கீது பாருங்க. நீல டேப்பு போடறது அவன் ஒருத்தன்தான்."

"துலுக்கானம், இறக்கு."

"நானா?"

"வேற யாரு?"

"யக்கா, அமாவாசை வராம பூசணியத் தொட்டா…"

"தொட்டவன் தலையில எறங்கும்," என்று மதுரைவீரன் உறுதிப்படுத்தினார். நாற்காலியை மட்டும் நகர்த்திக் கொடுத்தார்.

துலுக்கானம் நாற்காலியின் மீது ஏறினான். வரையப்பட்ட பூசணியின் கண்கள் அவன் கண்களுக்கு நேர் எதிரே உருண்டையாக விழித்தன. கீழே கதிர் பற்றிய அச்சம், மேலே கண்ணேறு பற்றிய அச்சம். நடுவில் மூன்று கால் மட்டும் தரையில் பதிந்த ஒரு நாற்காலி. அவன் சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தான்.

"நைனா பூசணி, நான் ஒண்ணும் இஷ்டப்பட்டு வர்ல. அக்கா அனுப்பிச்சுது. எறங்கறதா இருந்தா அங்க எறங்கு," என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான்.

பூசணி கீழே விழுந்து சிதறியது. மதுரைவீரன் பத்தடி பின்னால் தாவினார். துலுக்கானம் ஒரு கையில் வயரும் மறு கையில் தன் உயிருமாக இறங்கி வந்தான். துணியை மடியில் வைத்ததே மறந்துபோயிருந்தது. வெறுங்கையால் அதைப் பற்றியிருப்பதைக் கண்டதும் இரு விரல் நுனிக்கு மாற்றிக்கொண்டான்.

"கை இருக்கா?" என்றார் தாட்சாயிணி.

"இதுவரைக்கும் கீது."

மதிற்சுவரை ஒட்டித் தூங்குமூஞ்சி மரத்தடியில் நாகம்மாளின் இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டியிலிருந்து அனல் வீசியது. வண்டிக்கு மேல் விரித்திருந்த தார்ப்பாயை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்ததும் சிவப்பு வயர்தான்.

"இந்த வயர் ஏதும்மா?" என்று வினவினார் தாட்சாயிணி.

"போன பொங்கலுக்கு வாட்ச்மேன் குடுத்தாரு. துண்டு வயரு, கம்பெனிது. இன்னாத்துக்குக் கேக்கற?"

"பீம் பட்ட வயர் எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்க இதுல ஒரு துண்டு வேணும். உன் பெட்டியும் வேணும்."

"பொட்டியா? இந்தா, வெள்ளச் சட்டை அடுக்கிக் கீது. கற படிஞ்சா எம்மேலதான் பாய்வானுங்க!"

"கற படிஞ்சா இந்த அண்ணாத்தே புதுசு வாங்கித் தருவாரு," என்று தாட்சாயிணி கைகாட்ட, துலுக்கானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஒரே நாளில் எத்தனை இடிகளைத்தான் ஒருவன் தாங்குவான்!

பழைய செய்தித்தாளை மடித்து விரித்தார்கள். அதன்மீது இரு துண்டுகள்: இடப்பக்கம் தார்ப்பாயைக் கட்டியிருந்தது, வலப்பக்கம் பூசணியைத் தாங்கியிருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே தடிமன். மேலே ஒரு தாளைப் போர்த்தி, நாகம்மாள் கரிப்பெட்டியைத் தூக்கி அழுத்தினாள்.

துலுக்கானம் பார்க்கவில்லை. பூபாலன் நீட்டிய மயிர்க்கொத்தும், தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க இயலாத அந்தப் பெண்ணின் முகமும் அவன் மனத்தை நிறைத்திருந்தன. வலப்பக்கத்து வயர் உருகாமல் நின்றால் பீம் ஓடியிருக்கிறது. பிறகு அவளிடம் போய் எதைச் சொல்வது? எந்த நகைச்சுவை அங்கு உதவும்?

"தூக்கு," என்றார் தாட்சாயிணி.

மேல்தாளை உரித்தார். இடப்பக்கத்துத் துண்டு உருண்டையாகவே கிடந்தது. தாளின் ஓர் இழைகூட அதில் ஒட்டவில்லை. வலப்பக்கத்தில் வயரே இல்லை. தோசைக்கல்லில் ஊற்றிய மாவைப்போல ஒரு சிவப்புத் திட்டு பரவிக் கிடந்தது. அதன் நடுவே செம்புக் கம்பிகள் எலும்புபோலத் துருத்திக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா இது, மெழுவா?" என்றாள் நாகம்மாள்.

தாட்சாயிணி நீண்ட பெருமூச்சு விட்டார். அவரும் அஞ்சியிருந்தார் என்பதைத் துலுக்கானம் அப்போதுதான் உணர்ந்தான். "பச்சை மாவு. வேகவே இல்லை. பீமுக்கு நேர் கீழ கிடந்த வயர் இது. ஒரு நொடி ஓடியிருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குச் சங்கு ஊதிச்சு, விளக்கு சுத்துச்சு. பீம் ஓடலை, துலுக்கானம். பூபாலனுக்கு ஒண்ணுமே ஆகலை!"

அவர் அதற்குள் கைப்பேசியில் புஷ்பாவை அழைத்துவிட்டார். மறுமுனையில் கார் எஞ்சினின் உறுமலும், யாரோ பெண்கள் அழுவதும் கேட்டன.

"ஏறிட்டாருக்கா," என்றாள் புஷ்பா. குரல் உடைந்திருந்தது. "நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காம ஏறிட்டாரு. கதவ சாத்திட்டாங்க."

"புஷ்பா, கேளு. பீம் ஓடவே இல்லை. அவரு நல்லா இருக்காரு. எப்படியாவது நிறுத்தி வை, வந்துட்டோம்."

"இன்னாக்கா சொல்ற? அப்ப…"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

துலுக்கானம் அன்று ஓட்டியதைப்போல் என்றுமே ஓட்டியதில்லை. அதைவிட வியப்பு, வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. பூபாலனை எங்கே கொண்டுசெல்கிறார்கள்? தனக்கு நஞ்சேறிவிட்டதென்று நம்புகிறவனை எந்த அறையில் வேண்டுமானாலும் அடைக்கலாம். அவனே உட்புறம் தாழிட்டுக்கொள்வான். எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரையும் இருவரும் உற்று நோக்கினார்கள்.

சென்னீர்குப்பத்துச் சந்தின் முனையில் கூட்டம் நின்றிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்த துலுக்கானம் அப்படியே நின்றுவிட்டான்.

வெள்ளைக் கார் சந்தை அடைத்தவாறு நின்றது. அதன் முன்சக்கரங்களுக்கு எதிரே, சிமெண்டுத் தரையில், காலைக் காருக்கு அடியில் நீட்டிப் போட்டுப் புஷ்பா அமர்ந்திருந்தாள். அவள் வயிற்றுக்கும் காரின் முகப்புக்கும் இடையே ஓர் அடி இடைவெளியும் இல்லை. பாஸ்கரன் ஹாரனை அழுத்திக்கொண்டேயிருந்தார்.

"எந்திரிம்மா! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், அவன் பக்கத்துல இருக்காதே!"

"ஏத்திட்டுப் போ சார். முடிஞ்சா ஏத்திட்டுப் போ."

பின்னிருக்கையில் பூபாலன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தான். தாட்சாயிணி நேராகச் சென்று பின்கதவைத் திறந்தார். அவன் அலறி மறுபுறம் ஒதுங்கினான். அவர் எதையும் விளக்காமல், நீல டேப் சுற்றிய முடிச்சையும், அதன் மறுமுனையில் அப்பிப் பரவியிருந்த சிவப்புத் திட்டையும் அவன் மடியில் வைத்தார்.

துண்டு மெல்ல விலகியது.

"இது என் முடிச்சு," என்றான் பூபாலன். விரலால் தடவினான். பிறகு உருகிய பகுதியைத் தொட்டான், நகத்தால் சுரண்டினான், முகர்ந்தான். அத்தொழிலில் இருப்பவனுக்கு அதற்குமேல் எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. "உருகியிருக்கு… வேகல. பீம் ஓடல."

பாஸ்கரன் இறங்கிவிட்டார். புன்னகை இன்னும் மறையவில்லை. "ஓடலையா? அப்பாடா! நான்தான் தப்பா நினைச்சுட்டேன் போல. எவ்வளவு நல்ல செய்தி! வீட்டுக்குப் போ பூபாலா, ரெஸ்ட் எடு."

"கருகிக் கரியாப் போச்சுன்னு சொன்னீங்களே சார்," என்றார் தாட்சாயிணி. "உங்க கையால வெட்டின வயர். பச்சையாக் கிடந்ததைப் பார்த்துட்டுத்தான் எரிக்கச் சொன்னீங்க. பூபாலன், அன்னைக்கு மட்டுமா ஓடலை? நல்லா யோசிங்க. பீம் ஓடினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூபாலன் மடியிலிருந்த முடிச்சைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் பேசினான்.

"ஒரு வாசன வரும். இடி இடிச்சு மழ பெய்யுமே, அப்ப வர்ற மாதிரி. கதவத் தெறந்தா மூக்குல ஏறும்." அவன் பாஸ்கரனை நிமிர்ந்து பார்த்தான். "ஆடி மாசத்துலேந்து அந்த வாசனையே இல்ல. அதத்தான் சார் உங்க கிட்ட கேட்டேன். 'இப்பல்லாம் வாசனையே வர்லியே சார்'னு. கேட்ட மறுநாள்தான் சங்கு ஊதிச்சு."

கூட்டம் காரை நெருங்கி வந்தது.

"மெஷின் ஆடியிலேயே செத்துப்போச்சு," என்றார் தாட்சாயிணி. "சங்கையும் விளக்கையும் மட்டும் ஓடவிட்டு, பச்சை வயரை வெந்த வயர்னு அனுப்பிக்கிட்டிருக்கார். மூக்கு வேலை செய்யற ஒரே ஆள் நீங்க. அதனால உங்களைச் சாவுக்குப் பயந்து உள்ளே உக்கார வச்சுட்டார்."

"அந்த டிரம்மெல்லாம்…" பூபாலனின் குரல் மங்கியது. "கரண்ட்டுல ஓடற பஸ் செய்யறவங்களுக்குப் போச்சு. பேட்டரிக்குப் பக்கத்துல ஓடற வயரு. சூடாகும். அது உருகினா ஜனங்க எறங்கக்கூட நேரம் இருக்காது."

பாஸ்கரனின் புன்னகை இப்போதுதான் கழன்றது. அவர் குனிந்து, பூபாலனுக்கு மட்டும் கேட்கும் என்று எண்ணிய குரலில் பேசினார்; துலுக்கானத்துக்கும் கேட்டது.

"அத்தனை டிரம்மையும் ஓட்டினது யாரு? உன் கைதான். நீ வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீ. பொண்டாட்டி பிரசவத்துக்குப் படுத்திருக்கறப்ப நீ புழல் ஜெயில்ல இருப்ப. யோசிச்சுக்கோ."

துலுக்கானம் பூபாலனின் முகத்தைப் பார்த்தான். அச்சம் அங்கிருந்து போய்விடவில்லை. ஒன்று போக, வேறொன்று வந்து அமர்ந்திருந்தது. ஆனால் இது கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிற அச்சம்.

"யோசிச்சிட்டேன் சார்," என்றான் பூபாலன். "இத்தன நாளா சாவறதுக்கு ரெடியா உக்காந்துகினு இருந்தேன். நீங்க ஜெயில்னு சொல்றது ஏதோ மாமியார் ஊடுன்னு சொல்ற மாதிரி கீது."

அவன் காரிலிருந்து காலை வெளியே வைத்தான். பல நாள் படுத்தே கிடந்த உடல் தள்ளாடியது. கதவைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தான். புஷ்பா தரையிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடி அமர்ந்தாள். அவளைத் தூக்கிவிட அவன் கை நீண்டது. பாதி வழியில் தானாக நின்றது. விரல்கள் காற்றிலேயே மடங்கிக்கொண்டன.

"இன்னா யோசன?" என்றாள் புஷ்பா. "காலு மரத்துப்போச்சு, புடி!"

அவளே எட்டி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.